பனமலை ஏரிக்கரையில் தானாய்த் தீர்ந்த பேட்டரி

என் மாமனாருக்கு மலைக்கோயில் பார்க்கிற ஆசையும் எனக்கு வயிற்றெரிச்சலும் ஒரே நாளில்தான் வந்தன. மாமியார் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பி, தெவசம் முடிந்த மறுநாள் அது. துக்கத்தில் இருக்கிறவர்கள் ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. அது தீர்ந்ததும் மனுஷர், "மயிலம் போவணும், பனமலை போவணும். அந்த ஏரிக்கரையிலியே ரெண்டு நாளு கெடக்கணும்" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் சகலை பாஸ்கர், "நம்ம வண்டி இருக்குது மாமா" என்று சொல்லிவிட்டான்.

பாஸ்கர் என் மனைவி செல்வியின் தங்கை கவிதாவைக் கட்டியவன். பல வருஷம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து, வெள்ளை வெளேரென்று ஒரு கேரவன் வாங்கி நிறுத்தியிருக்கிறான். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, தொட்டால் எரிகிற விளக்கு, கூரையில் இரண்டு சோலார் தகடு. பேட்டரியில் இன்னும் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்ட ஒரு கண்ணாடித் திரை வேறு.

நான் ஏழாவதோடு நின்றவன். விழுப்புரத்திலிருந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு நர்சுகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். பழைய வேன் ஒன்று ஓட்டத்திலிருந்து நின்று ஷெட்டில் கிடந்தது. சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு பலகைக் கட்டில் போட்டேன். வீட்டிலிருந்த இன்வெர்ட்டரையும் அதன் பேட்டரியையும் தூக்கி உள்ளே வைத்தேன். கூரையில் ஒரு சோலார் தகடு. பேட்டரியிலிருந்தே நேராக ஓடுகிற சின்ன ப்ரிட்ஜ் பெட்டி ஒன்று. அது முக்கியம். மாமனாருக்குச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மருந்து சூடேறக் கூடாது.

"அவுங்க வண்டிலியே எல்லாரும் போலாமே, எதுக்கு இந்த வீம்பு?" என்று கேட்டாள் செல்வி.

"அஞ்சு பேருக்கு எடம் பத்தாது" என்றேன். பத்தும். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

ஆளில்லாத ஏரிக்கரையில் வண்டியைப் போட்டுப் படுப்பதென்றால் சும்மாவா? நான் பூட்டிய பூட்டை வீட்டிலேயே மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவன். முன்னால் ஒரு கேமரா, பின்னால் ஒரு கேமரா, பதிவு பண்ண ஒரு பெட்டி, கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம், கதவைத் தொட்டால் கத்துகிற அலாரம், வண்டி எங்கே இருக்கிறது என்று போனுக்குச் சொல்கிற கருவி, எல்லாம் மாட்டினேன். நர்சுகள் காலத்துப் பாட்டுப் பெட்டியும் டிவியும் ஏற்கெனவே இருந்தன. சாமி படத்தைச் சுற்றி நீல விளக்கு. இவ்வளவும் மாட்டிய பிறகும் எதையோ விட்டுவிட்ட மாதிரியே இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் திண்டிவனத்தில் மாமனார் வீட்டு வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. தெருவே பாஸ்கரின் வண்டியைப் பார்த்தது. என் வண்டியைப் பார்த்த ஒரே ஆள், "இன்னா, நர்சுங்க வரலியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மாமனார் ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் மந்திரப் பெட்டியுமாக வந்தார். பூஜை சாமான் கடையில் விற்பார்களே, உள்ளங்கை அகலத்தில், சிவ நாமத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் பெட்டி, அதுதான். மாமியார் உயிர் போனபோது அந்தப் பெட்டி தலைமாட்டில் பாடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவர் அதை நிறுத்தவே இல்லை. தூங்கும்போது சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிடுவார், காதில் வைத்தால்கூடக் கேட்காது. ஆனால் சுவிட்சை அணைக்க மாட்டார். ஒயரைப் பிடுங்கினாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற மாதிரி உள்ளே பொடி பேட்டரி ஒன்று உண்டு.

மாமனார் முதலில் பாஸ்கரின் வண்டிப் பக்கம் போனார். அவனிடம் ஏதோ கேட்டார், அவன் ஏதோ சொன்னான். திரும்பி என் வண்டிக்கு வந்து தலையை உள்ளே விட்டார்.

"இங்க பிளக்கு இருக்குதா மாப்ள?"

"இருக்குது மாமா. சாமி படத்துக்குப் பக்கத்துலியே!"

ஏறி உட்கார்ந்துவிட்டார். பெட்டியை மாட்டினார், இன்வெர்ட்டரைப் போட்டேன், அது பாடியது. அத்தனை சொகுசையும் விட்டுவிட்டு என் வண்டிக்கு வந்தாரே! மயிலம் வரைக்கும் நான் வண்டி ஓட்டவில்லை, தேர் ஓட்டினேன்.

மயிலத்தில் மலையடிவாரத்துக் கடையில் இட்லி. மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி, கெட்டியாக அரைத்து ஊற்றினார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அதே சட்னியில் கையைக் கழுவலாம், அவ்வளவு தண்ணீர் விடுவார்கள். மாமனார் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி மலை ஏறினார். பாஸ்கர் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வந்தான். நான் அதற்கு முன்பே பிடித்துவிட்டேன். ஒரு கைக்கு இரண்டு மாப்பிள்ளை கூடாது என்று அவன் அடுத்த கையைப் பிடித்தான். "உடுங்கய்யா, நான் இன்னா குத்தவாளியா?" என்று இருவரையும் உதறினார்.

கீழே இறங்கியதும் பாஸ்கர் தன் வண்டிக்குள் ஒரு பொத்தானை அழுத்தி எல்லாருக்கும் காபி கொடுத்தான். நல்ல காபி. கடைக் காபிதான் ருசி என்று சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் வாங்கிக் குடித்தேன்.

மாசி மாதக் கடைசி. பனமலை ஏரியில் இன்னும் பாதிக்கு மேல் தண்ணீர் கிடந்தது. அறுத்த வயலில் வைக்கோல் வாசம், குன்றின் உச்சியில் கோயில், சுற்றிலும் பனை. கரையோரத்தில் ஒரே ஒரு பெரிய புளியமரம். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். பாஸ்கர் முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரு திருப்பத்தில் முந்தி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் மரத்து நிழல் முழுவதையும் என் வண்டியை வைத்து அடைத்தேன். அவன் பொட்டல் வெயிலில் நிறுத்த வேண்டியதாயிற்று.

"நல்ல எடமா புடிச்சிட்டீங்கண்ணே" என்றான்.

"ஒனக்கென்னப்பா, ஏசி இருக்குது" என்றேன்.

சாயங்காலத்துக்குள் செய்தி பரவி, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். கேரவன் என்றால் சினிமாதான். பெண்கள் இடுப்பில் குழந்தையோடு பாஸ்கரின் வண்டிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஹீரோயினி உள்ளதான் கீறாங்களா?" என்றாள் ஒருத்தி.

கவிதா தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மேக்கப் இல்லாம கொஞ்சம் சுமாராத்தான் இருக்குது" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் என்னிடம் வந்தார். "இது சாப்பாட்டு வண்டிங்களா? எத்தினி மணிக்குப் போடுவீங்க?"

பாஸ்கர் விழுந்து விழுந்து சிரித்தான். மாமனார்கூட. அன்றைக்கு ஏரியில் பிடித்த கெண்டை மீன் வறுவல், எல்லாரும் முள்ளைக்கூட விடாமல் தின்றார்கள். எனக்கு மட்டும் இறங்கவில்லை.

இருட்டியதும் பாஸ்கரின் வண்டி கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. நான் என் வண்டியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன், ஃபேனையும்தான். பேட்டரி தீர்ந்துவிட்டால் ப்ரிட்ஜ் நின்றுவிடும், ப்ரிட்ஜ் நின்றால் மருந்து கெட்டுவிடும் என்ற பயம். நாங்கள் மூன்று பேரும் இருட்டில் வேர்த்துக்கொண்டு, எதிரே நடக்கிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம். தூங்குவதற்கு முன் அவன் ஏதோ ஒரு சுவிட்சைத் தட்டினான், மொத்தமும் ஒரே நொடியில் இருண்டது. அது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

விடிந்ததும் முதல் வேலையாகப் ப்ரிட்ஜைத் திறந்தேன். வெதுவெதுவென்றிருந்தது. நின்றே போயிருந்தது. பேட்டரி மீட்டரில் முள் சிவப்பில் படுத்துக் கிடந்தது. விளக்கு எரியவில்லை, ஃபேன் ஓடவில்லை, எங்கே போயிற்று அவ்வளவு கரண்டும்? எதிர் வண்டி வாசலில் பாஸ்கர் பல் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னுது எவ்ளோ காட்டுது?" என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"எம்பதுக்கு மேல இருக்குதுண்ணே. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். ஆனால் மாமனார் மருந்துக் குப்பியைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்கர் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா மாமா, சில்லுனு இல்லியா? மருந்தும் நீங்களும் நம்ம வண்டிக்கு வந்துடுங்க. பேஜாரே இல்ல."

நான் அவசரமாக, "ஒயரு லூசு. சரி பண்ணிடுவேன்" என்றேன். மாமனார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஊசியைப் போட்டுக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இன்னிக்கு ஒரு நாளு பாக்கலாம். நாளைக்கிக் காத்தால மருந்து சில்லுனு இருந்தா இங்கியே இருக்கேன். இல்லன்னா சின்ன மாப்ள வண்டிக்குப் போறேன். மருந்தோட வெளையாட முடியாது பாரு."

செல்வி என்னைத் தனியே கூப்பிட்டாள். "பானைத் தண்ணில வெச்சா போதும்ங்க. கரண்டு போவ சொல்ல எங்கம்மா அப்புடித்தான் வெப்பாங்க."

அவள் சொன்னது சரிதான். ஆனால் எதிரே ப்ரிட்ஜ், இங்கே பானையா? மனம் ஒப்பவில்லை. ஒப்பாமலே வைத்தேன். மருந்தைப் பாலிதீன் பையில் கட்டி, குடிதண்ணீர் வைத்திருந்த மண்பானைக்குள் இறக்கி, பாஸ்கர் கண்ணில் படாமல் பானை மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

பேட்டரி ஏற வேண்டுமென்றால் எஞ்சின் ஓட வேண்டும். மாமனாரை இறக்கிவிட்டு அனந்தபுரம் கடைத்தெரு வரைக்கும் போய்வருவதென்று வண்டியை எடுத்தேன். மந்திரப் பெட்டி பாடிக்கொண்டே என்னோடு வந்தது. ஏரிக்கரை தாண்டிய குறுகலான ரோட்டில் வாத்துக் கூட்டம். அறுத்த வயலில் மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். ரோடு முழுக்க வாத்து, முன்னால் கொடி கட்டிய கம்போடு ஒரு ஆள்.

"கொஞ்சம் பொறுங்க சாரு, ஜல்தியா ஓட்டினா மெரண்டுடும்."

வழக்கமாக நான் ஹாரனில் கையை வைத்தால் எடுக்க மாட்டேன். அன்றைக்கு, "மெதுவாப் போங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன். வாத்து எவ்வளவு ஆடி ஆடிப் போகிறதோ அவ்வளவு கரண்டு எனக்கு லாபம். அந்த ஆள் நெகிழ்ந்துபோய் நான்கு முட்டை கொடுத்தார்.

திரும்பி வந்தபோது ஏரிக்கரையில் யாருமில்லை. மூவரையும் கூட்டிக்கொண்டு பாஸ்கர் மலைக்குப் போய்விட்டான். மாமனார் ஒரு வருஷம் காத்திருந்த மலை. நான் பக்கத்தில் இல்லாமல் ஏறிவிட்டார். வெயில் ஏறிய பிறகு நால்வரும் இறங்கி வந்தார்கள். மாமனார் முகம் தெளிந்திருந்தது.

"செவுத்துல ஒரு பழைய ஓவியம் இருக்குது மாமா. ஒரு அம்மா, ஒரு காலு மடக்கி, தலைய சாச்சிக்கினு, இன்னா அழகு! நீங்க பாக்கலியே" என்றாள் கவிதா.

"எங்க அம்மா மாரியே இருந்துது" என்றாள் செல்வி. பாஸ்கர்தான் மாமனாரை ஓவியத்துக்குக் கிட்டே கூட்டிப்போய்க் காட்டினானாம். வாத்து முட்டையை வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

கேப்பைக் கூழும் கருவாடும் சாப்பிட்டுவிட்டு மற்றவர்கள் மரத்தடியில் சாய்ந்தார்கள். நானும் செல்வியும் வண்டிக்குள் புகுந்தோம். ஒயரைக் கவ்விப் பிடித்தால் எவ்வளவு கரண்டு போகிறது என்று சொல்கிற மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. வேலைக்காக வாங்கியதில்லை, பயத்தில் வாங்கியது. ப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு, பாடுகிற பெட்டியைத் தவிர எல்லாம் அணைந்துதான் இருக்கிறது என்று உறுதி பண்ணிக்கொண்டு, பேட்டரி ஒயரில் மாட்டினேன். மூன்று ஆம்பியருக்குப் பக்கத்தில் காட்டியது. வேறு ஒன்றுமே ஓடாத வண்டியில், குடித்துக்கொண்டே இருக்கிறது.

"ஒவ்வொண்ணா புடுங்குங்க" என்றாள் செல்வி.

டிவியைப் பிடுங்கினேன். அணைத்துத்தான் இருந்தது, ஆனால் சிவப்புப் பொட்டு ஒன்று முழித்துக்கொண்டிருந்தது. முள் ஒரு இம்மி இறங்கியது. பாட்டுப் பெட்டி, அணைத்த பிறகும் உள்ளுக்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. போன் இல்லாமலே தொங்கிக்கொண்டிருந்த சார்ஜர்கள், கையை வைத்தால் சூடு. இவை எல்லாம் சின்னத் திருடர்கள்.

அடுத்து கேமரா.

"அத்த கழட்டினா ராத்திரி எவனாவது வந்தா?" என்றேன்.

"இங்க வர்றவன் சாப்பாடு எத்தினி மணிக்குன்னுதான் கேப்பான்" என்றாள். கழற்றினேன். நன்றாகவே இறங்கியது. கதவு அலாரம். இடத்தைச் சொல்லும் கருவி. "வண்டிலியேதான படுத்திருக்கோம், வண்டி எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியாதா?" கேஸ் அலாரத்தை மட்டும் விடமாட்டேன் என்றேன், அதில் நான் செய்தது சரி. அடுப்பு உள்ளே இருக்கும்போது அதை நிறுத்தக் கூடாது. அது குடிப்பதும் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் நான் பயந்து பயந்து மாட்டியவை. மருந்து கெட்டுவிடுமே என்று இருட்டில் உட்கார்ந்திருந்தவனின் பேட்டரியை அவைதான் இரவெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

போதாததற்கு மரம் வேறு. நேற்று மதியத்திலிருந்து என் சோலார் தகடு புளியிலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் வெயிலில் தள்ளிய பாஸ்கரின் தகடுகள் வயிறு முட்டத் தின்றிருந்தன. இதைச் செல்விதான் அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். நான் வண்டியை நிழலிலிருந்து எடுத்து வெயிலில் நிறுத்தினேன்.

இன்னும் முள் இரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. மிச்சம் இருந்தது இன்வெர்ட்டர். அதில் மாட்டியிருந்த ஒரே பொருள் மந்திரப் பெட்டி. பெட்டிக்கு மீட்டரில் தெரியாத அளவுதான் வேண்டும். ஆனால் அந்தத் துளிக்காக இன்வெர்ட்டர் முழுசாக விழித்திருக்க வேண்டும், பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றிக்கொண்டே. ஒரு தம்ளர் தண்ணீருக்காக மோட்டாரை இராப்பகலாக ஓட விட்ட கதை. பேட்டரி இறங்கியதும் ப்ரிட்ஜ் தானாக நின்றுகொண்டது. இன்வெர்ட்டர் நிற்கவில்லை, கடைசிவரைக்கும் குடித்தது. அதை ஒரு நொடி அணைத்துப் பார்த்தேன். முள் சுழிக்குப் பக்கத்தில் படுத்தது. உடனே திரும்பப் போட்டேன்.

செல்வியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"அப்பாகிட்ட நான் கேக்க மாட்டேன்" என்றாள். "அம்மா போனதுலேந்து அது நிக்கல."

நானும் கேட்க மாட்டேன். இரவு பெட்டி ஓடினால் காலையில் மருந்து சூடு, மாமனார் பாஸ்கர் வண்டிக்கு. பெட்டியை நிறுத்தச் சொன்னால் அதற்கு முன்பே போய்விடுவார்.

பானையில் தண்ணீர் மொள்ள வந்த கவிதா துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அப்பா ஏன் உங்க வண்டில ஏறுனாருன்னு நெனச்சீங்க? மொதல்ல எங்ககிட்டதான வந்தாரு மாமா. ராத்திரி கரண்டு இருக்குமான்னு கேட்டாரு. இவரு, 'ராத்திரில மெயின ஆஃப் பண்ணிடுவோம் மாமா, ப்ரிட்ஜ் மட்டுந்தான் ஓடும்'னு சொன்னாரு. பொட்டிய எடுத்துக்கினு உங்ககிட்ட வந்துட்டாரு."

எனக்கு எங்கேயோ சுருக்கென்றது. அப்படியென்றால் அவர் வந்தது எனக்காக இல்லை. பிளக்குக்காக.

கவிதா குரலைத் தாழ்த்தினாள். "அப்பலேந்து எங்க வூட்டுக்காரரு மூஞ்சியே சரியில்ல. இம்மாம் பெரிய வண்டி வாங்கியும் மாமா அந்த ஓட்ட வேன்ல போய் ஏறிட்டாரேன்னு பொலம்பல். நேத்து லைட்டெல்லாம் போட்டு வெச்சாரே, எதுக்குன்னு நெனச்சீங்க? அத்தப் பாத்துட்டாவது அப்பா வருவாரான்னுதான்."

சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பயணத்திலேயே எனக்கு வயிறு நிறைந்த நேரம் அதுதான். கத்தார் போய் வந்தவன், காபி மிஷின் வைத்திருப்பவன், என்னைப் பார்த்து வெந்திருக்கிறான்! ஓட்டை வேன் என்று சொன்னதுகூடக் காதுக்கு இனிப்பாக இருந்தது.

அந்தத் தெம்பில்தான் பெட்டியின் அடாப்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தால், அது கொடுப்பது போன் சார்ஜர் கொடுக்கிற அதே அளவுதான். என் டேஷ்போர்டில் போன் மாட்டுகிற ஓட்டை ஒன்று உண்டு, பேட்டரியிலிருந்து நேராக. அதில் பெட்டியை மாட்டினால் இன்வெர்ட்டர் தூங்கலாம். வேண்டியது ஒரு ஒயர். ஒரு முனை அந்த ஓட்டைக்கு, மறு முனை பெட்டியின் உருண்டைத் துளைக்கு. என்னிடம் இல்லை. யாரிடம் இருக்கும் என்று தெரியும்.

பாஸ்கர் ஒரு டப்பா நிறைய ஒயர் வைத்திருந்தான், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றி, ரப்பர் போட்டு. இதிலும் எனக்கு எரிந்தது. எதற்கு என்று கேட்டான், சொன்னேன். சரியான ஒயரைக் கையில் எடுத்தான். எடுத்தவன் திரும்பவும் டப்பாவிலேயே போட்டான்.

"குடுத்துட்டா மாமா உங்க வண்டியிலியே இருந்துடுவாரேண்ணே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான். வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினேன்.

"இருந்துடுவாரு" என்றேன். "ஒன் வண்டியில ப்ரிட்ஜ் ஓடும், பொட்டி ஓடாது. என் வண்டியில பொட்டி ஓடும், ப்ரிட்ஜ் ஓடாது. நீயே சொல்லு."

உள்ளேயிருந்து கவிதா, "எங்கப்பா மருந்துங்க அது. குடுத்துத் தொலைங்க" என்றாள். டப்பா திறந்தது.

மாமனாரிடம் நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. நிறுத்தப் போவதில்லை, ஒயரை மட்டும் மாற்ற வேண்டும், உள்ளே இருக்கும் பொடி பேட்டரி அதுவரைக்கும் தாங்கும் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். சொல்லிக்கொண்டே பெட்டியின் பக்கம் கையை நீட்டினேன். அவர் என் கையையே பார்த்தார்.

"நீ தொடாத. நானே மாத்தறேன்."

சத்தத்தை முழுசாகத் திறந்தார். பழைய ஒயரை உருவினார். பெட்டி பாடியது. புது ஒயர் முனையைத் துளையில் வைத்தார், போகவில்லை. திருப்பி வைத்தார். பெட்டி ஒரு எழுத்தை இழுத்தது, குரல் தொய்ந்தது. செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். வாசலில் கவிதாவோடு நின்ற பாஸ்கர், "இன்னும் கொஞ்சம் அமுக்குங்க மாமா, அமுக்குங்க" என்றான். உள்ளே போனது. குரல் நிமிர்ந்தது. நால்வரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். மாமனார் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி, "வாத்து முட்டைய வறுக்கலியா?" என்று கேட்டார்.

இன்வெர்ட்டரை அணைத்தேன். சாயங்கால வெயில் கொடுத்தவரைக்கும் கொடுத்திருந்தது, காலையில் எஞ்சின் ஓடியதும் சேர்ந்து பேட்டரியில் ஓரளவு இருந்தது. ப்ரிட்ஜைத் திரும்ப மாட்டி, மருந்தைப் பானையிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன். மூன்று தரம் திறந்து பார்த்தேன். நான்காம் தரம், "தெறந்து தெறந்து பாத்தா அதுவும் கரண்டுதான்" என்று செல்வி கையைத் தட்டிவிட்டாள்.

காலையில் மாமனார்தான் முதலில் எழுந்தார். ப்ரிட்ஜைத் திறந்து குப்பியை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். எனக்குக் கேட்கத் தைரியமில்லை. மீட்டரைப் பார்த்தேன், முள் பச்சையில் நின்றது. அவர் அந்தக் குப்பியை அப்படியே என் கன்னத்தில் வைத்தார். சில்லென்றிருந்தது.

பொழுது விடிந்து பாஸ்கர் வந்ததும் குப்பியை அவன் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இனிமேல் வண்டியில் படுக்கப் போனால் முதலில் இன்வெர்ட்டரை அணைத்துவிடுவேன். ப்ரிட்ஜையும் கேஸ் அலாரத்தையும் தவிர மற்றதெல்லாம் ஒரே சுவிட்சில் நிற்கிற மாதிரி ஒயர் மாற்றப் போகிறேன், பாஸ்கர் வைத்திருக்கிற மாதிரியே. அவனிடம் இருப்பதால் இல்லை, நல்லது என்பதால். நிழல் மனுஷனுக்கு, வெயில் தகட்டுக்கு.

மத்தியானம் கிளம்பினோம். நான் மாமனாருக்குத் தலையணையெல்லாம் சரிசெய்து வைத்துவிட்டு நிற்கிறேன், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எதிர் வண்டிக்குப் போனார்.

"வர சொல்ல பெரிய மாப்ள வண்டி. போவ சொல்ல சின்ன மாப்ள வண்டி. ஒர்த்தன் மனசு நோவக் கூடாது பாரு."

பாஸ்கர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஓடிவந்து கதவைத் திறந்தான். "பொட்டிய நான் எடுத்தாறேன் மாமா. வண்டி ஓட சொல்ல மெயின் ஆன்லதான் இருக்கும்."

மாமனார் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினார்.

"பொட்டி அங்கியே கெடக்கட்டும். நல்லாத்தான் பாடிக்கினு வருது. அத்த எதுக்கு ஏத்தி எறக்கிக்கினு?"

விக்கிரவாண்டி வரைக்கும் நான் பாஸ்கருக்குப் பின்னாலேயே வந்தேன். அவன் வண்டியின் கண்ணாடியில் மாமனாரின் நரைத்த தலை தெரிந்தது. ஏசியில் சுகமாகச் சாய்ந்திருந்தது. செல்வி மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டே, "திரும்பவும் எரியுதா?" என்று கேட்டாள். மந்திரப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டினேன். ஜன்னலை இறக்கினேன்.

டோல்கேட்டில் வண்டிகள் நின்றன. பாஸ்கர் ஒரு வரிசையில் நின்றான். அதற்குப் பக்கத்து வரிசை நீளம், இருந்தாலும் அதில்தான் நுழைந்தேன். மெல்ல மெல்ல நகர்ந்து அவன் வண்டிக்கு நேராக வந்து நின்றேன். பெட்டி எட்டூருக்குக் கேட்கிற மாதிரி பாடியது. பாஸ்கர் திரும்பிப் பார்த்தான். தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினான்.

பின்னால் உட்கார்ந்திருந்த மாமனார் கையை நீட்டி, தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.